துவைகல்லுக்கு ஒரு சல்யூட்

அஞ்சுகிராமத்திலிருந்து வட்டக்கோட்டைக்குப் போகிற வழியில், தென்னந்தோப்புகளுக்கு நடுவே இரண்டு பீரங்கிகள் கடலைக் குறிபார்த்து நிற்கும். பயப்பட வேண்டாம், சிமென்ட் பீரங்கிகள்தான். கல்யாண மண்டப வாசல்களுக்கு யானை செய்து கொடுக்கிற கோட்டாற்று ஆசாமி ஒருவர் செய்தவை. யானை செய்து பழகிய கை என்பதால் பீரங்கிக்கும் கொஞ்சம் தும்பிக்கை வளைவு வந்துவிட்டது. இடது பீரங்கியின் வாய்க்குள் மைனா குடும்பம் நடத்துகிறது. பின்னால் இருப்பது கேப் வாலியன்ட் ரெசிடென்ஷியல் அகாடமி. அவ்வளவு நீளமாகச் சொல்ல ஊரில் யாருக்கும் நேரமில்லை. பட்டாளப் பள்ளிக்கூடம் என்றால் ஆட்டோக்காரர் இறக்கி விடுவார்.

வாசல் வளைவில் ‘மரபு: 1741 முதல்’ என்று பித்தளை எழுத்தில் இருக்கும். கட்டடம் எழும்பி ஏழு வருஷம்தான் ஆகிறது. இடைப்பட்ட காலத்தில் மரபு எங்கே தங்கியிருந்தது என்று வளைவில் போடவில்லை. நிறுவனர் ஸ்ரீனிவாசன் அதற்கு முன்பு வளைகுடா நாடுகளுக்கு ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார். கமாண்டன்ட் செல்வதாஸ் ராணுவத்தில் இருந்தவரா என்று பெற்றோர் யாராவது கேட்டால், ராணுவம் அவருக்குள் இருக்கிறது என்று அலுவலகத்தில் சொல்வார்கள். அது எப்போது உள்ளே போனது என்பதற்குச் சாட்சி இல்லை. இங்கே வருவதற்கு முன் அவர் நாகர்கோவிலில் டிரில் மாஸ்டராக இருந்தார், மீசையும் இவ்வளவு பெரிதாக இல்லை.

பள்ளியின் மரபுக்கெல்லாம் மூலம், மைதானத்தின் நடுவில் இருக்கும் வீரக்கல். சுற்றிலும் சங்கிலி வேலி, பக்கத்தில் அசையாமல் நிற்க ஒரு மாணவன். டச்சுக்காரன் படையைத் தனியாளாகத் தடுத்து நின்ற ஒரு வீரன் அந்தக் கல்லில் வாளைத் தீட்டினான் என்றும், அதன்மேல் சாய்ந்துதான் உயிரை விட்டான் என்றும், கல்லின் ஓரத்தில் இருக்கும் உடைசல் பீரங்கிக் குண்டு பட்டதென்றும் ஆறாம் வகுப்பில் சேர்ந்த அன்றே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். வீரனின் பெயர் என்ன என்று கேட்ட ஒரு பையனை மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டார்கள். அதற்குப் பிறகு பெயர் தேவைப்படவில்லை.

உள்ளதைச் சொல்லிவிடலாம். அது மீனாட்சியம்மாள் துணி துவைத்த கல்.

அந்த இடம் முழுக்க மீனாட்சியம்மாளின் புருஷன் கணபதியப்பனுடைய தென்னந்தோப்பாக இருந்தது. தோப்புக்குள் கிணறு, கிணற்றடியில் துவைகல். கல்யாணமான புதிதில் மயிலாடியில் நல்ல கல்லாகப் பார்த்து, கொத்தச் சொல்லி, டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்து போட்டது. ஸ்ரீனிவாசன் தோப்பை வாங்கியபோது கல்லையும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொன்னார். கணபதியப்பன்தான், கிடக்கட்டும் சார், பிள்ளைகள் துணி துவைக்கும் என்றார். நல்ல மனசு. இப்படிப்பட்ட நல்ல மனசுகளின் மேல்தான் இந்த நாட்டில் பெரிய கட்டடங்கள் எழும்புகின்றன.

திறப்பு விழாவுக்கு வந்த சிறப்பு விருந்தினர் ஓய்வுபெற்ற பெரிய அதிகாரி. மைதானத்தைச் சுற்றிப் பார்க்கையில் கல்லைக் காட்டி, இது என்ன என்று கேட்டார். துவைகல் என்று சொல்ல ஸ்ரீனிவாசனுக்குக் கூச்சமாக இருந்தது. நினைவுக்கல் என்றார். அதிகாரி சட்டென்று விறைத்து நின்று சல்யூட் அடித்துவிட்டார். அவர் அடித்தால் மற்றவர்கள் அடிக்காமல் இருக்க முடியுமா? மறுநாள் காலையில் பையன்கள் கல்லைத் தாண்டிப் போகும்போது அடிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் கமாண்டன்டைப் பார்த்தார்கள். அவர் அடித்தார். அதோடு மரபு பிறந்துவிட்டது. நிறுத்துவதற்குத்தான் துணிச்சல் வேண்டும், தொடங்குவதற்கு ஒன்றும் வேண்டாம்.

இதெல்லாம் கணபதியப்பனுக்கும் தெரியும். சிரித்துக்கொள்வாரே தவிர வெளியே சொன்னதில்லை. ஏனென்றால் தோப்பு விற்ற பேச்சிலேயே மகன் சுதனுக்கு ஒரு இடம் என்று முடிவாகியிருந்தது. சுதன் சொன்னால் கேட்கிற பையன் இல்லை. சாப்பிடக் கூப்பிட்டால் குளத்தில் கிடப்பான், குளத்திலிருந்து இழுத்து வந்தால் மாமரத்தில் இருப்பான். பட்டாளப் பள்ளிக்கூடத்தில் போட்டால் சொன்ன பேச்சைக் கேட்பான் என்று தகப்பனார் கனவு கண்டார். எட்டாம் வகுப்பில் கொண்டுபோய்ச் சேர்த்தார். சுதனும் போன புதிதில் அம்மாவின் துவைகல்லுக்கு உற்சாகமாகச் சல்யூட் அடித்தான். அவனுக்கு அது ஒரு விளையாட்டு.

வினை வரலாற்று வகுப்பில் வந்தது. கல்லின் உடைசல் நமக்கு எதை உணர்த்துகிறது என்று ஆசிரியர் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தார். தியாகம் என்பது விடை. எல்லோரும் தியாகம், தியாகம் என்று சொல்லி உட்கார்ந்தார்கள். சுதன் எழுந்து, அது தேங்காய் உரிக்கிற பாரையைப் போட்டு நான் உடைத்தது சார், அம்மை அன்றைக்கு என்னை அடித்தாள் என்று சொல்லிவிட்டான். வகுப்பு சிரித்தது. ஆசிரியரும் சிரித்துவிட்டார் என்று கேள்வி. அவர் மறுமாதம் வேலையில் இல்லை.

சுதன் மேல் சுமத்தப்பட்ட குற்றத்துக்கு மரபு நிந்தை என்று பெயர். தவறை உணரும்வரை வீட்டு விடுப்பு ரத்து என்று போனில் தகவல் வந்தது.

கணபதியப்பன் காலண்டரைப் பார்த்தார். தை மாதம் மூத்தவள் சிவப்ரியாவுக்குக் கல்யாணம். மண்டப வாசலில் மாப்பிள்ளைக்குக் கால் கழுவி, மாலை போட்டு, கையைப் பிடித்து உள்ளே அழைத்து வர வேண்டியது பெண்ணின் தம்பி. கூடப்பிறந்தவன் இருக்கும்போது சித்தப்பா மகனை நிறுத்தினால் மாப்பிள்ளை வீட்டார் ஆளுக்கொன்று கேட்பார்கள். அது கிடக்கட்டும், சிவப்ரியா இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. தம்பி வராமல் மணவறையில் ஏறமாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

மூன்றாம் நாள் அவர் பள்ளிக்கூடத்துக்குப் போனார். வாசலில் நீலத் தொப்பியோடு நின்றது ரசலையன். முன்பு இதே தோப்பில் அவருக்குத் தேங்காய் வெட்டிக்கொண்டிருந்தவர். ஆளைக் கண்டதும் சிரித்தார், பிறகு மேலே இருக்கிற கேமராவைப் பார்த்துச் சிரிப்பை உள்ளே இழுத்துக்கொண்டார்.

“அண்ணாச்சி, கோவிச்சுக்கப்படாது. மடக்கிக் கெட்டுன வேட்டிய இறக்கி விடுங்கோ. இடது கால முதல்ல வச்சு நடக்கணும். கல்லு வந்ததும் நின்னு ஒரு சல்யூட்டு. இல்லேன்னா எனக்கு ஜோலி போயிரும்.”

கணபதியப்பன் இடது காலை வைத்துத்தான் தொடங்கினார். வயல் வரப்பில் நடந்து பழகிய கால், பாதியில் தன் இஷ்டத்துக்கு மாறிவிட்டது. ஒலிபெருக்கியில் ஒரு குரல், பார்வையாளர் வாசலுக்குத் திரும்பிச் சென்று மீண்டும் தொடங்கவும் என்றது. திரும்பிப் போனார். மீண்டும் வந்தார். இந்த முறை கை தப்பு. தன் கையால் தண்ணீர் பாய்ச்சிய தோப்புக்குள் நுழைய அவருக்கு முற்பகல் முழுதும் ஆயிற்று. கல்லுக்கு முன்னால் நின்று சல்யூட் அடித்தபோது, ஓரத்தில் நீலம் போட்ட கறை இன்னும் போகாமல் இருப்பது தெரிந்தது. அந்தக் கறைக்குள் ஒரு ஓணத்துக்கு வெளுத்த அவருடைய சொந்த வேட்டியும் இருந்தது.

உள்ளே மதியச் சாப்பாட்டு நேரம். விருந்தினர் மரபுச் சாப்பாட்டைக் கட்டாயம் பார்க்க வேண்டும் என்று அழைத்துப் போனார்கள். கூடம் நிறையப் பையன்கள் முதுகை நிமிர்த்தி, தொடையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்கள். தட்டில் சோறு, பருப்பு, அதன்மேல் பப்படம். கமாண்டன்ட் மேடையில் நின்று, “பப்படம்!” என்றார். எல்லாக் கைகளும் பப்படத்துக்கு மேலே அந்தரத்தில் நின்றன. “பொடி!” என்றார். படபடவென்று ஒரே சத்தம். ஜன்னலில் இருந்த காக்கைகள் பறந்துவிட்டன. சுவரோரம் உட்கார்ந்திருந்த பெற்றோர் கைதட்டினார்கள். சண்டைக்களத்தில் வீரர்கள் ஒரே நேரத்தில் சுடுவதை நினைவூட்டும் மரபு என்று பக்கத்தில் இருந்த ஆசிரியர் விளக்கினார். அடுத்து “பிசை!” என்றதும் பிசைந்தார்கள். “உருட்டு!” என்றதும் உருட்டினார்கள். கணபதியப்பன் மகனைத் தேடிக் கண்டுபிடித்தார். அவன் கண்ணும் அவரைப் பார்த்தது, பார்த்ததும் கொஞ்சம் சிரித்தது. அப்பா வந்துவிட்டார், எல்லாவற்றையும் சொல்லிவிடுவார் என்கிற சிரிப்பு. கணபதியப்பனுக்கும் அப்போது அப்படித்தான் தைரியமாக இருந்தது.

விசாரணை நடந்த அறைக்கு மரபுக் கூடம் என்று பெயர். சுவரில் நாடகக் கம்பெனி வாள்கள். நிறுவனர் உட்கார்ந்திருந்தார், கமாண்டன்ட் நின்றுகொண்டிருந்தார். கணபதியப்பன் கையைக் கட்டிக்கொண்டு, பையன் சின்னவன், ஆனால் சொன்னது பொய்யில்லை, கல் மயிலாடியில் வாங்கியது, கொத்தின ஆசாரி இப்போதும் இருக்கிறார் என்றார். கமாண்டன்ட் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுப் பேசினார்.

“மிஸ்டர் கணபதியப்பன், நீங்கள் உண்மையைப் பற்றிப் பேசுகிறீர்கள். நாங்கள் ஒழுக்கத்தைப் பற்றிப் பேசுகிறோம். உண்மைக்குச் சல்யூட் அடிக்க எல்லோராலும் முடியும். அதில் பயிற்சி என்ன இருக்கிறது? ஒரு கல்லைக் காட்டி இது வீரக்கல் என்று சொன்னவுடன், ஏன் என்று கேட்காமல் கை மேலே போக வேண்டும். அந்தக் கையை உருவாக்குவதற்குத்தான் நீங்கள் உங்கள் மகனை எங்களிடம் தந்தீர்கள்.”

கணபதியப்பன் தலையாட்டினார். அதற்காகத்தானே தந்தார். ஸ்ரீனிவாசன் அவ்வளவு கடுமையான ஆள் இல்லை. ஊர்க்காரர் தோரணையில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். டீ வரவழைத்தார்.

“எனக்குத் தெரியாதா வே? இடம் பாக்க வந்த அன்னைக்கு அந்தக் கல்லுலதான் நானே காலு கழுவுனேன். ஆனா இப்போ முந்நூறு பிள்ளைய அதுக்குச் சல்யூட் அடிக்கி. முந்நூறு பேரு பொய்யாவது நல்லதா, உம்ம பயல் ஒருத்தன் பொய்யாவது நல்லதா? நீரே சொல்லும்.”

கணக்கு நியாயமாகத்தான் இருந்தது. கணபதியப்பன் மெதுவாக டி.சி. வாங்கிக்கொண்டு போய்விடலாமா என்று கேட்டார். தாராளமாக, ஆனால் மரபு நிந்தை என்று அதில் எழுதித்தான் தருவோம், அதைப் பார்த்து எந்தப் பள்ளி சேர்க்கும் என்று கமாண்டன்ட் அன்பாக விசாரித்தார். பிறகு இருவரும் சேர்ந்து ஒரு வழி சொன்னார்கள். வருகிற நிறுவனர் நாளில், தோப்பின் பழைய உரிமையாளர் என்ற முறையில் கணபதியப்பனே மேடையேறி, தம் முன்னோர்கள் தலைமுறை தலைமுறையாக அந்தக் கல்லைக் காத்து வந்ததாகச் சொல்ல வேண்டும். மனைவி மலர்வளையம் வைக்க வேண்டும். அதன்பிறகு பையன் தவறை உணர்ந்ததாகச் சொல்வான். விடுப்பு அன்றே கிடைக்கும்.

வீட்டில் மீனாட்சியம்மாள் முதலில் வரமாட்டேன் என்றாள். புது வீட்டு மாடியில் சிமென்ட் தொட்டியில் துவைத்துத் துவைத்துச் சேலையெல்லாம் கிழிகிறது, என் கல்லைக் கேட்டு வாங்கித் தாருங்கள் என்று வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தவள் அவள். அந்தக் கல்லுக்கு மாலை போட வா என்றால் எப்படி வருவாள்? சிவப்ரியா அழுததும்தான் பட்டுச்சேலையை எடுத்தாள்.

நிறுவனர் நாளன்று பேண்டு வாத்தியம் முழங்கியது. பள்ளியின் பேண்டு மாஸ்டர் கல்யாண ஊர்வலங்களில் வாசித்துப் பழகியவர், அதனால் படை அணிவகுப்பின் நடுவே மாப்பிள்ளை அழைப்பு மெட்டு வந்து வந்து போனது. சிறப்பு விருந்தினராக வேறொரு ஓய்வுபெற்ற அதிகாரி. இந்த மாவட்டத்தில் ஓய்வுபெற்ற அதிகாரிகளுக்குப் பஞ்சமில்லை. கணபதியப்பனுக்கு நாற்காலி போட்டு, ‘கல்காத்த குடும்பம்’ என்று நெஞ்சில் ஒரு பட்டையும் குத்தியிருந்தார்கள். அணியின் முன்வரிசையில் சுதன் நின்றான். பக்கத்துப் பையனிடம் உதட்டை அசைக்காமல் ஏதோ சொன்னான். எங்க அப்பா இப்ப சொல்லும் பாரு என்று சொல்லியிருப்பான்.

மலர்வளையத்தை மீனாட்சியம்மாள் கையில் கொடுத்தார்கள். சங்கிலியைத் தாண்டி உள்ளே போனாள். கல்லின் மேல் தூசியும் காக்கை எச்சமும் இருந்தன. அவளுக்கு அது பொறுக்கவில்லை. மேடையில் விருந்தினருக்காக வைத்திருந்த செம்பை எடுத்துவந்து, கல்லின் மேல் தண்ணீரை ஊற்றி, உள்ளங்கையால் இப்படியும் அப்படியுமாக நன்றாகத் தேய்த்துக் கழுவினாள். சேலைத் தலைப்பால் துடைத்தாள். அதன்பிறகுதான் வளையத்தை வைத்தாள். எத்தனையோ வருஷம் காலையில் எழுந்து செய்த வேலை, கை தானாகச் செய்துவிட்டது.

கதை கெட்டது என்று கணபதியப்பன் நினைத்தார். கமாண்டன்ட் ஒரு கணம்தான் தயங்கினார். பிறகு மைக்கைப் பிடித்து, “நீர் வார்க்கும் மரபு!” என்று கர்ஜித்தார். இருநூற்று எண்பது ஆண்டுகளாக இக்குடும்பத்துப் பெண்கள் விடியற்காலையில் வீரனின் தாகம் தீர்க்க இக்கல்லில் நீர் வார்த்து வந்ததாகவும், அந்த அரிய மரபை இன்று நாம் கண்ணால் கண்டதாகவும் சொன்னார். சிறப்பு விருந்தினர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நாளை முதல் இதை மாணவர்கள் தொடர்வார்கள் என்று அறிவிப்பு வந்தது. மீனாட்சியம்மாள் சங்கிலியைத் தாண்டித் திரும்பி வந்து புருஷன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“கேட்டியளா, வெறுந்தண்ணிய விட்டா அந்தக் கறை போவாது. சவுக்காரம் போடணும்னு சொல்லுங்கோ.”

அவர் அவளைப் பேசாமல் இருக்கச் சொன்னார். அவருடைய பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

எழுந்து மைக் முன்னால் போனார். அவர் நல்ல மனிதர், வாய்க்கால் தண்ணீருக்காகக்கூடப் பொய் சொல்லிச் சண்டை போட்டதில்லை. மகனைப் பார்த்தார். மகன் அவரைப் பார்த்தான். தேங்காய்ப் பாரை அவன் கையிலிருந்து நழுவிக் கல்லில் விழுந்ததும், அம்மை விளக்குமாற்றோடு துரத்தியதும், இவர்தான் குறுக்கே விழுந்து தடுத்ததும் இரண்டு பேருக்கும் தெரியும். சிவப்ரியாவின் முகமும் கணபதியப்பனுக்கு நினைவு வந்தது.

“எங்க முன்னோர்கள் இந்தக் கல்ல காத்து வந்தாங்க. இது வீரக்கல்தான். சின்னப் பிள்ளைய வெவரம் தெரியாம எதாவது சொல்லும்.”

கைதட்டல் ஓய்வதற்குள் சுதனை முன்னால் அழைத்தார்கள். கணபதியப்பன் மேடையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். பையனின் முகத்தில் முதலில் ஒன்றும் புரியாத பாவம் இருந்தது. பிறகு உதடு கொஞ்சம் நடுங்கியது. பிறகு அதுவும் நின்று, முகம் மற்ற பையன்களின் முகம் போல ஆகிவிட்டது. அவன் நேரே நடந்து வந்தான், கால் மாறவேயில்லை. கல்லுக்கு முன்னால் நின்று அவன் அடித்த சல்யூட்டைப் போல இந்தப் பள்ளியின் சரித்திரத்தில் யாரும் அடித்ததில்லை என்று கமாண்டன்ட் பிற்பாடு சொன்னார். உடைசல் எதை உணர்த்துகிறது என்று கேட்டார்கள். தியாகம் என்றான்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. சுதன் அன்று காலையில்தான் பள்ளியிலிருந்து சீருடையில் வந்தான். மண்டப வாசலில் மாப்பிள்ளைக்குக் காலைக் கழுவினான், மாலையைப் போட்டான், ஓரடி பின்னால் போய் ஒரு சல்யூட் அடித்தான். மாப்பிள்ளை பாவம், வங்கியில் வேலை, என்ன செய்வதென்று தெரியாமல் அவரும் அடித்தார். மாப்பிள்ளை வீட்டார் பையனை வளர்த்திருக்கிற விதத்தை வாயாரப் புகழ்ந்தார்கள். சொன்ன இடத்தில் நின்றான், சொன்னதை எடுத்து வந்தான். யாருக்கும் தெரியாமல் லட்டு எடுக்கவில்லை. சமையல்கட்டுப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. சிவப்ரியா மணவறையிலிருந்து இரண்டு தடவை அவனைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். அவன் நேராகப் பார்த்துக்கொண்டு நின்றான்.

கடைசிப் பந்தியில்தான் பெண் வீட்டார் உட்கார்ந்தார்கள். கணபதியப்பன், அவர் பக்கத்தில் சுதன், அந்தப் பக்கம் மீனாட்சியம்மாள். இலை போட்டு, அவியலும் எரிசேரியும் இஞ்சிப்பச்சடியும் வைத்து, சோறு போட்டுப் பருப்பு ஊற்றி நெய்யும் விட்டாயிற்று. சோற்றின் மேல் பெரிய பப்படம். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாத பசி, எல்லோரும் பேசாமல் சாப்பிட்டார்கள். கணபதியப்பன் பாதிச் சோற்றைத் தாண்டியபிறகுதான் திரும்பிப் பார்த்தார். சுதன் முதுகை நிமிர்த்தி, தொடையில் கை வைத்து உட்கார்ந்திருந்தான். பப்படம் உடையாமல் இருந்தது. நெய் உறையத் தொடங்கியிருந்தது.

மீனாட்சியம்மாள் ஏன் சாப்பிடவில்லை, வயிறு சரியில்லையா என்று கேட்டாள். அவன் இல்லை என்றான். பிடிக்கவில்லையா என்றாள். அதற்கும் இல்லை என்றான். பிறகு அவன் கண் ஒரு தடவை பக்கவாட்டில் அப்பாவிடம் போய்த் திரும்பியது. மீனாட்சியம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் அந்தச் சாப்பாட்டுக் கூடத்தைப் பார்த்ததில்லை. கணபதியப்பனுக்குப் புரிந்துவிட்டது. கையில் இருந்த சோற்றை இலையில் போட்டார். பரிமாறுகிறவர் சாம்பார் வாளியோடு வந்து நின்றார், அவரைக் கையைக் காட்டி நிறுத்தினார். யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றிலும் பார்த்தார். எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

“பப்படம்,” என்றார் மெல்ல. சுதனின் வலதுகை எழுந்து இலைக்கு மேலே நின்றது.

“பொடி.”

பப்படம் நொறுங்கியது. கை அப்படியே நின்றது. கணபதியப்பனுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஒரு காலத்தில் இவனைச் சாப்பிட வைக்கக் குளத்தங்கரை முழுக்கத் தேடி அலைந்தவர்.

“இனி பிசைஞ்சு தின்னு மக்கா,” என்றார்.

கை அசையவில்லை. சுதன் இலையைப் பார்த்தபடியே, யாருக்கும் கேட்காத குரலில், அப்பாவுக்கு உதவி செய்கிற மாதிரிச் சொன்னான்.

“கமாண்டுல மக்கா கெடையாது, அப்பா.”

மீனாட்சியம்மாள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். சாம்பார் வாளிக்காரர் நின்றுகொண்டே இருந்தார். கணபதியப்பன் தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, முதுகைக் கொஞ்சம் நிமிர்த்தி உட்கார்ந்தார்.

“பிசை,” என்றார்.

பையன் பிசையத் தொடங்கினான்.